பாட்டியின் மைலோ டின்னில் ராணி தலை நோட்டு: "எண்பத்தைந்து காசு வெள்ளி" என்றால் என்ன?

சுங்கைப்பட்டாணிப் பேத்தி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் எங்கள் பாட்டி தவறிவிட்டார். 91 வயது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். கருமாதி முடிந்து அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது அடியில் ஒரு பழைய மைலோ டின் கிடைத்தது. உள்ளே வேட்டித் துணியில் சுற்றிய நோட்டுகள். ஒரு வெள்ளி நோட்டு 18, பத்து வெள்ளி நோட்டு 2 (வெள்ளி என்று நாங்கள் சொல்வது டாலரை, அதற்கு நூறு காசு). ஒரு வெள்ளியில் ஏழு நோட்டுகளில் இளம் வயது ராணி எலிசபெத் படம். மீதி பதினொன்றில் பாய்மரப் படகு. பத்து வெள்ளி இரண்டிலும் ஒருவர் எருமை கட்டி உழுகிறார். ஆக மொத்தம் 38 வெள்ளி.

என் கேள்வி இந்த நோட்டைப் பற்றி மட்டும் இல்லை. பாட்டி வீட்டில் யாராவது ஒரு வேலையை முழுதாகச் செய்யாமல் விட்டால், "இது எண்பத்தைந்து காசு வெள்ளி" என்று சொல்வார். அப்பா வேலியைப் பாதி அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அதுதான். நான் பாத்திரத்தின் அடியைத் தேய்க்காமல் கவிழ்த்து வைத்தால் அதுதான். ஏதோ பழமொழி என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். வேறு யார் வீட்டிலும் அதைக் கேட்டதில்லை. டின்னைப் பார்த்த பிறகுதான் இந்த நோட்டுக்கும் அந்தப் பேச்சுக்கும் ஏதோ தொடர்பு இருக்குமோ என்று தோன்றியது.

ஒரு வெள்ளி எப்படி 85 காசு ஆகும்? காசை வீணாக்கவே தெரியாத பாட்டி இவற்றை ஏன் மாற்றாமல் வைத்திருந்தார்? இப்போது மாற்ற முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நோட்டுச் சேகரிப்பாளன்

சகோதரி, உங்களிடம் இருப்பவை "மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய ஆணையர் வாரியம்" வெளியிட்ட நோட்டுகள். ராணி நோட்டில் 1953 மார்ச் 21 என்று தேதி இருக்கும். படகு நோட்டில் 1959 மார்ச் 1, எருமை நோட்டில் 1961 மார்ச் 1. பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 1969 தொடக்கத்தோடு இவை செல்லாதவை ஆகிவிட்டன. இப்போது இவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலைதான். அது மடிப்பு, கறை, ஓரம் எல்லாவற்றையும் பொறுத்தது. தயவுசெய்து கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிந்த இடத்தில் டேப் ஒட்டாதீர்கள். 85 காசுக் கதையை வயதானவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கடைப்பையன் 1967

பேத்தியே, பாட்டியின் ஆன்மா சாந்தியடையட்டும். அந்த 85 காசை என் கையாலேயே கணக்குப் போட்டவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1967இல் எனக்குப் பதினேழு வயது. புக்கிட் மெர்தாஜாமுக்கு வெளியே, தோட்டத்துச் செம்மண் பாதை பெரிய சாலையில் வந்து சேரும் இடத்தில் என் தாய்மாமாவுக்கு மளிகைக் கடை இருந்தது. நான் அங்கே கடைப்பையன். அரிசி நிறுப்பது, எண்ணெய் அளப்பது, கருவாட்டு மூட்டையைப் பூனையிடமிருந்து காப்பது, சாயங்காலம் கடன் புத்தகத்தில் பற்று எழுதுவது எல்லாம் என் வேலை. சாமான் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் சம்பள நாளில்தான் காசு கொடுப்பார்கள். அதுவரை எல்லாம் புத்தகத்தில்தான்.

அந்த வருஷம் ஜூன் 12, திங்கட்கிழமை, நாட்டின் சொந்த நோட்டு வெளிவந்தது. நீங்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். மலாயா சுதந்திரம் பெற்றது 1957இல். மலேசியா ஆனது 1963இல். ஆனால் பத்து வருஷமாக எங்கள் சட்டைப்பையில் இருந்தது பழைய வாரியத்தின் நோட்டுதான். ராணி தலை போய்ப் படகும் எருமையும் வந்தபோதும் மேலே எழுதியிருந்தது "மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ" என்றுதான். அந்த ஜூன் மாதத்தில்தான் முதன்முதலாக "பேங்க் நெகாரா மலேசியா" என்று அச்சடித்த நோட்டைப் பார்த்தோம். மாமா வங்கியிலிருந்து கொண்டுவந்த முதல் ஒரு வெள்ளியைக் கல்லாவில் போடவில்லை. சந்தனம் தொட்டு முருகன் படத்துக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தார். ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலில் வந்த மனிதர், குடியுரிமைத் தாளைப் பெற அவ்வளவு அலைந்தவர். அவருக்கு அந்த நோட்டு வெறும் காகிதமாக இருக்கவில்லை.

நோட்டில் தலைப்பாகை கட்டியவர் படம். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் "துங்கு, பிரதமர் துங்கு" என்றார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் விளக்கினார். பெயர் துங்கு அப்துல் ரஹ்மான்தான். ஆனால் இவர் நெகிரி செம்பிலான் அரசர், நாட்டின் முதல் மாமன்னர். பிரதமர் துங்கு கெடா அரச குடும்பத்தவர், வேறு ஆள். இன்றைக்கும் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

நிறங்கள் மட்டும் பழையபடியே இருந்தன. ஒரு வெள்ளி நீலம், ஐந்து பச்சை, பத்து சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது பெரிய உதவி. அதோடு, ரேடியோவிலும் சரி, வங்கி வாசலிலும் சரி, சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பழையதும் புதியதும் ஒன்றுக்கு ஒன்று சமம். அவசரப்பட வேண்டாம். பழையது கைக்குக் கை போகும்போது மெல்ல மெல்ல வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த "அவசரப்பட வேண்டாம்" என்பதை உங்கள் பாட்டி போன்றவர்கள் அப்படியே நம்பினார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு வங்கி எங்கே? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். போனால் படிவம் நிரப்பச் சொல்வார்கள். சமம் என்று சொன்ன பிறகு எதற்குப் போக வேண்டும்? டின்னில் இருந்தது டின்னிலேயே இருந்தது.

ஐந்து மாதம்தான் போனது. 1967 நவம்பர் 18, சனிக்கிழமை இரவு லண்டனில் பிரிட்டிஷ் அரசு பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. ஒரு பவுண்டுக்கு 2.80 அமெரிக்க டாலர் என்று இருந்ததை 2.40 ஆக்கினார்கள். நமக்கு அப்போது ஞாயிறு விடிகாலை. தீபாவளி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

லண்டனில் பவுண்டு விழுந்தால் லயத்து வீட்டு டின்னுக்கு என்ன என்று கேட்பீர்கள். பழைய வெள்ளியை வாரியம் பவுண்டோடு கட்டிப்போட்டிருந்தது. ஒரு வெள்ளி என்றால் 2 ஷில்லிங் 4 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 8 வெள்ளி 57 காசு. நோட்டுக்கு ஈடாக வாரியம் வைத்திருந்த சொத்தும் பவுண்டில், லண்டனில். அதனால் பவுண்டு விழுந்த அளவுக்குப் பழைய வெள்ளியும் விழுந்தது. புது வெள்ளி அப்படி இல்லை. அதன் மதிப்பைத் தங்கத்தில் குறித்திருந்தார்கள். பவுண்டோடு சேர்ந்து அதையும் இறக்குவதில்லை என்று அரசு முடிவு செய்தது. 240ஐ 280ஆல் வகுத்துப் பாருங்கள், 0.857 வரும். பழைய ஒரு வெள்ளி இனிமேல் புது 85 காசு என்று அறிவித்தார்கள். பாட்டியின் பேச்சு அங்கேயிருந்து வந்ததுதான்.

திங்கட்கிழமை காலை மாமா கடையைத் திறக்கும் முன்பே வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். பால் வெட்டப் போகாமல் வந்திருந்தார்கள் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு டின், ஒரு முடிச்சு, ஒரு சுருக்குப்பை. பழைய நோட்டை வைத்து அரிசி, பருப்பு வாங்கிவிடலாம் என்று வந்தவர்கள். ஒரு அம்மா, வயது ஐம்பது இருக்கும், 40 வெள்ளியை என் முன்னால் எண்ணி வைத்தார். எல்லாம் ராணி தலை. நான் வரிசைக்குப் பத்தாக அடுக்கினேன். "இது 34 வெள்ளி அம்மா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்தார். "நாற்பது இருக்கு தம்பி, நல்லா எண்ணு" என்றார். நான் மறுபடியும் எண்ணினேன். நாற்பதுதான் இருந்தது. நாற்பது நோட்டு, 34 வெள்ளி. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 57 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவர் விரல் நோட்டின் மேல் இருந்த விதம் அப்படியே கண்ணில் நிற்கிறது. பால் கறை ஏறிய விரல்.

அன்றைய பால்வெட்டுக் கூலி நாளுக்கு மூன்று வெள்ளி, அதற்குச் சற்று மேலே கீழே. 6 வெள்ளி போனது என்றால் இரண்டு நாள் விடியற்காலை எழுந்து மரம் மரமாக நடந்தது போனது.

மாமா உள்ளேயிருந்து வந்து கடன் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். அவர் சொன்ன முடிவை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "பழைய கடனுக்குப் பழைய நோட்டை முழு வெள்ளியாக வாங்கிக்கோ. புதுச் சாமானுக்கு எண்பத்தைந்து." அவர் கடன் கொடுத்தது பழைய நோட்டும் புது நோட்டும் சமமாக இருந்த காலத்தில். அதனால் அந்தக் கடனைப் பழைய நோட்டில் முழுதாக அடைக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றார். மொத்தச் சாமான் தரும் தவுக்கே (சீன முதலாளி) பழைய நோட்டை 85க்குத்தான் எடுப்பார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வாரம் அப்படி வசூலானது 620 வெள்ளி. நஷ்டம் 93 வெள்ளி. நான்தான் கணக்கு எழுதினேன். அத்தை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

எல்லாக் கடையிலும் இப்படி நடக்கவில்லை. பழைய நோட்டை 80க்கு, 75க்குக் கேட்டவர்களும் இருந்தார்கள். டவுன் வரை போக முடியாதவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, நவம்பர் 24, பினாங்கில் தொழிலாளர் கட்சி ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தது. கடையடைப்பாகத் தொடங்கியது கலவரமாக மாறியது. தீவில் ஊரடங்கு போட்டார்கள். கலவரம் கடல் தாண்டி நம் பக்கமும் வந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பதினைந்து காசில் தொடங்கிய கோபம் இனத்துக்கு இனம் திரும்பியதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. மாமா நான்கு நாள் கடையின் பலகையை எடுக்கவே இல்லை. பின்பக்கமாக வந்தவர்களுக்கு மட்டும் அரிசி கொடுத்தோம், இன்னார் என்று பார்க்காமல்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். புது வெள்ளியை இறக்காமல் பிடித்துக்கொண்டது சரியான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்து மாதக் குழந்தையான ஒரு நாணயம் லண்டனுக்குக் காய்ச்சல் வந்தால் தானும் படுக்க வேண்டியதில்லை என்று காட்டியது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி வரையாவது பழையதைச் சமமாக மாற்றித் தந்திருக்க வேண்டும். சமம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தோம். எளியவர்களிடம் சொன்ன சொல் அது. அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் பாட்டிக்கு 1945இல் பதினொன்று, பன்னிரண்டு வயது இருந்திருக்கும். ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு ஒரே நாளில் குப்பையானதை அவர் பெற்றோர் வீட்டில் பார்த்திருப்பார். பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம் போட்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். மூட்டை மூட்டையாக வைத்திருந்தவர்கள் அடுப்பெரித்தார்கள். அந்தத் தலைமுறை அதற்குப் பிறகு நம்பியது ராணி தலையைத்தான். அந்த நம்பிக்கைக்கும் பதினைந்து காசு வெட்டு விழுந்தது. ஒரு வாழ்நாளில் இரண்டு தடவை.

தேக்கா வாசகர்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. சிங்கப்பூர்ப் பக்கத்தையும் சேர்த்து வைக்கிறேன். இது ஒரு நாட்டுக் கதை மட்டும் இல்லை.

சிங்கப்பூர் தனியானது 1965 ஆகஸ்ட் 9. அப்போதும் இரண்டு நாட்டுக்கும் ஒரே நோட்டைத் தொடர முடியுமா என்று ஒரு வருஷம் பேசிப் பார்த்தார்கள். ஒரே மத்திய வங்கியின் கீழ் என்றால் சிங்கப்பூரின் கையிருப்பு யார் பொறுப்பில் இருக்கும் என்ற கேள்வியில் பேச்சு முறிந்தது. 1966 ஆகஸ்டில் தனித்தனி நோட்டு என்று அறிவித்தார்கள். அதே 1967 ஜூன் 12இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தங்கள் நோட்டை வெளியிட்டன. எங்கள் முதல் வரிசை ஆர்க்கிட் பூ நோட்டுகள். சில்லறை அந்த நவம்பரில்தான் வந்தது: ஐந்து காசில் பாம்புத்தாரா, பத்துக் காசில் கடல்குதிரை, ஐம்பதில் சிங்கமீன்.

நோட்டுப் பிரிந்தாலும் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று என்று ஒப்பந்தம் இருந்தது. என் அப்பா ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம், சேஞ்ச் அலியில் ஒரு நாணயமாற்றுக் கடையில் உதவியாள். முதலாளி தமிழ் முஸ்லிம். கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகளுக்கு உலகத்து நோட்டையெல்லாம் மாற்றித் தரும் கடை. அங்கேயும் மலேசிய வெள்ளிக்கு விலைப்பலகை கிடையாது. எதற்கு? ஜோகூரிலிருந்து வருகிறவர் அதை அப்படியே காப்பிக் கடையில் கொடுப்பார். 1973 மே 8இல் மலேசியாவும் சிங்கப்பூரும் பிரிந்துகொண்டன. மறுநாளே அப்பா ஒரு புதுப் பலகையைச் சாக்பீஸால் எழுதியதாகச் சொல்வார். முதலில் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றாகவே இருந்தது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல்.

புருணையோடு மட்டும் அந்த ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. இங்கே கடையில் புருணை நோட்டைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். 2017இல் ஐம்பதாம் ஆண்டுக்கு இரண்டு நாடும் ஐம்பது வெள்ளி நினைவு நோட்டு வெளியிட்டன.

ஐயாவோடு ஒரு இடத்தில் மட்டும் மரியாதையோடு வேறுபடுகிறேன். பழைய வாரியம் மலேசியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. மலாயா, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை என்று ஐந்து அரசுகளின் கூட்டு. நோட்டைப் பார்த்தால் அது எந்தப் பக்கத்து நோட்டு என்று தெரியாது. சமமாக மாற்றித் தருவோம் என்று ஒரு நாடு சொல்லியிருந்தால் மற்ற நாட்டு நோட்டும் அங்கேதான் போய் விழுந்திருக்கும். அப்போது அந்த நாட்டின் புது நாணயமே ஆட்டம் கண்டிருக்கும். அந்தப் பயம் நியாயமானது என்று நினைக்கிறேன்.

கடைப்பையன் 1967

தம்பி, நல்ல வாதம். மொத்தமாகச் சமம் என்று திறந்துவிட்டால் நீங்கள் சொன்னது நடந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வீட்டுக்கு இவ்வளவு என்று வரம்போடு சொன்னேன். தோட்டத்தில் ஆள் கணக்கு கிராணியிடம், அதாவது தோட்டத்துக் கணக்கரிடம் இருந்தது. யார் எந்த லயத்தில் இருக்கிறார், எத்தனை பேர் என்று பேரேட்டில் இருந்தது. சம்பளத்தோடு சேர்த்தே மாற்றிக் கொடுத்திருக்கலாம். கூலியைப் பிடித்தம் செய்ய அந்தப் பேரேடு உதவியது, இதற்கும் உதவியிருக்கும்.

"வெள்ளி" என்று நாம் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை, இளையவர்கள் கேட்பதால். பழைய ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் இந்தத் துறைமுகங்களில் புழங்கின. அவற்றின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். மலாய்க்காரர்கள் அந்தப் பல்லைப் பார்த்து "ரிங்கிட்" என்றார்கள். நாம் உலோகத்தைப் பார்த்து "வெள்ளி" என்றோம். 1975இல் அரசு ரிங்கிட், சென் என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் வைத்தது. தமிழர் வீட்டில் இன்னும் வெள்ளியும் காசும்தான்.

அப்புறம், தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் வீட்டுப் பரணைப் பாருங்கள். 1969க்குப் பிறகு வேலை அனுமதிச் சட்டத்தால் குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ரஜூலா போன்ற கப்பல்களில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் பெட்டியிலும் இப்படி டின் போயிருக்கும். எங்கள் கடைக் கடன் புத்தகத்தில் அந்த வருஷங்களில் நிறையப் பெயர்களுக்கு எதிரே "ஊருக்குப் போனார்" என்று எழுதி முடித்திருக்கிறேன்.

பேத்தியே, பாட்டி ஏன் மாற்றவில்லை என்பது மட்டும் எனக்கும் புரியவில்லை. செல்லாமல் போகும் வரை ஒரு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. 38க்கு 32 வெள்ளி 30 காசு கிடைத்திருக்கும். வீட்டில் மூத்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சுங்கைப்பட்டாணிப் பேத்தி

ஐயா, உங்கள் பதிலை நேற்று இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நாற்பது இருக்கு தம்பி, நல்லா எண்ணு" என்ற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார்.

இன்று காலை பெரிய அத்தைக்குப் போன் செய்தேன். அவருக்கு அப்போது பத்து, பதினொரு வயது. பாட்டியோடு டவுனுக்குப் போனது அவருக்கு நினைவிருக்கிறது. அந்த 38 வெள்ளி அத்தைக்குத் தோடு வாங்கச் சேர்த்ததாம். ஒரு வங்கியில் நீண்ட வரிசை. முன்னால் போனதும் உள்ளே இருந்தவர் நோட்டை எண்ணிவிட்டு 32 சொச்சம் என்று எடுத்து வைத்திருக்கிறார். பாட்டி அதைத் தொடவே இல்லை. தன் நோட்டைத் திரும்ப வாங்கி, அங்கேயே நின்று ஒவ்வொன்றாக 38 வரை சத்தமாக எண்ணினாராம். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டு அத்தையின் கையைப் பிடித்துக் கொண்டு நடந்திருக்கிறார். பஸ்ஸில் அத்தை தோட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "நான் முழுசா உழைச்சேன். முழுசாக் குடுக்கிற அன்னிக்கு மாத்திக்கலாம்" என்றாராம்.

தோடு அடுத்த வருஷம் பொங்கலுக்கு வந்தது. அதற்காகப் பாட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் புல் வெட்டப் போனதாக அத்தை சொன்னார். அந்தத் தோடு இன்னும் அவர் காதில்தான் இருக்கிறது.

ஐயா, இன்னொரு கேள்வி. சேகரிப்பாளர் ஒருவர் தனிச் செய்தியில் நல்ல விலை சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு விற்க மனமில்லை. ஆனால் டின்னிலேயே வைத்தால் ஈரத்தில் போய்விடும் போலிருக்கிறது. இரண்டு நோட்டுகளில் ஏற்கனவே புள்ளி விழுந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

கடைப்பையன் 1967

அம்மா, உங்கள் பாட்டியை நான் ஒரு தடவையாவது பார்த்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. பதினெட்டு மாதம் கடையில் அந்த நோட்டுகளை எண்ணினேன். அப்படி வரிசையிலிருந்து திரும்பிப் போன ஒருவரை நான் பார்த்ததில்லை.

விற்பதும் விற்காததும் உங்கள் குடும்ப விருப்பம். நானாக இருந்தால் விற்க மாட்டேன். புள்ளி விழுந்த இரண்டையும் முதலில் தனியே எடுங்கள், மற்றவற்றுக்குப் பரவும். சாதாரணப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளானால் வியர்த்து நோட்டில் ஒட்டிக்கொள்ளும். நாணயக் கடையில் நோட்டுக்கென்றே உறை கிடைக்கும், அதை வாங்குங்கள். நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு உறையில் போடுங்கள். ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, அத்தை சொன்னதை அவர் சொன்னபடியே அதன் கீழே எழுதி, தேதி போட்டு உள்ளே வையுங்கள். அத்தையிடம் கையெழுத்தும் வாங்குங்கள்.

மைலோ டின்னைத் தூக்கிப் போடாதீர்கள்.

சுங்கைப்பட்டாணிப் பேத்தி

சரி ஐயா, அப்படியே செய்கிறேன். வருகிற ஞாயிறு அத்தை வருகிறார். எழுதுவதற்கு முன் நோட்டை அவரே எண்ணிப் பார்க்க வேண்டுமாம். 38 வரை, சத்தமாக.